பந்து கைமாறுகிறது, பேச்சு மாறவில்லை

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகப் பணித் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முதலாண்டில் 34 பேருக்குக் குழுப்பணிப் பாடம் எடுக்கிறேன், அதாவது ஒரு குழுவைக் கூட்டி அதன் வழியாகவே அதன் உறுப்பினர்களுக்கு உதவும் முறை. குழு வளர்ச்சியின் கட்டங்கள், கொள்கைகள், தலைமை வகைகள் எல்லாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் களப்பணிக்குப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போனால், 12 பெண்பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் பந்தைச் சுற்றிவிடும் ஒரு விளையாட்டு, அப்புறம் சார்ட் மாட்டிச் சுகாதாரம் பற்றி ஒரு சொற்பொழிவு, கடைசியில் பிஸ்கட், போட்டோ. ‘குழுவின் நோக்கம் நிறைவேறியது’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுகிறார்கள். இன்னொரு தலைவலி, வகுப்பில் கொடுக்கும் குரூப் அசைன்மென்ட். ஐந்து பேரில் ஒருத்தி செய்கிறாள், நான்கு பேர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு குழு சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் பஞ்சாயத்துக்கே வந்துவிட்டது. குழுப்பணித் திறனை எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி, சென்னை)

பதில்: இரண்டு தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. பஞ்சாயத்துக்கு வந்த ஐந்து பேரை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன்: இரண்டு பக்கத்தையும் கேட்டிருப்பீர்கள், வேலை செய்யாதவர்களை நாலு வார்த்தை கேட்டிருப்பீர்கள், மதிப்பெண்ணைப் பிரித்துப் போட்டிருப்பீர்கள். நானும் பல வருடம் அதையேதான் செய்தேன். பருவம் முழுக்கப் பாடம் எடுத்தாலும் கிடைக்காத ஒன்று அன்றைக்குத் தானாக உங்கள் அறைக்குள் வந்து நின்றிருக்கிறது. நாம் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுப்பணித் திறன் என்பதில் பெரும்பகுதி, பேச்சு நம்மிடமே வந்து முடியாமல் உறுப்பினர்களுக்குள் ஓடும்படி பார்த்துக்கொள்வதுதான். உங்கள் மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள், கண்ணால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேசினார், கல்லூரியில் நீங்கள் பேசுகிறீர்கள். பெரும்பாக்கத்தில் அவர்கள் உங்களைப் போலவே செய்து காட்டுகிறார்கள், சார்ட் மட்டும் கூடுதல்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த வகுப்பில் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து நீங்களும் உட்கார்ந்து, ஏதாவது ஒரு விஷயத்தை 20 நிமிடம் பேசுங்கள். ஒரு மாணவியை ஓரமாக உட்கார்த்தி வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுங்கள். வட்டத்தில் இருப்பவர்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, யார் வாய் திறந்தாலும் பேசியவரிடமிருந்து யாரைப் பார்த்துப் பேசினாரோ அவருக்கு ஒரு கோடு போடட்டும். பொதுவாகப் பேசினால் நடுவை நோக்கி ஒரு கோடு. முடிந்ததும் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். முதல் தடவை அநேகமாக சைக்கிள் சக்கரம்தான் வரும். எல்லாக் கம்பியும் உங்களிடமிருந்து கிளம்பி உங்களிடமே வந்து சேரும். இரண்டு மூன்று புள்ளிகளில் ஒரு கோடுகூட இருக்காது. நீங்கள் எந்த விளக்கமும் கொடுக்க வேண்டாம். மாணவர்கள் தாளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அப்புறம் ஒருத்தி ‘மேடம், பெரும்பாக்கத்துல நாங்களும் இப்படித்தான்’ என்பாள். அவள் சொல்லும்வரை காத்திருங்கள்.

இந்தத் தாளை மொரினோவின் சோஷியோகிராமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பாடத்தில் அதுவும் இருக்கும். யாருக்கு யாரைப் பிடிக்கிறது, யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்பதைக் காட்டுவது அது. யார் யாரோடு பேசினார்கள் என்பதை மட்டும் காட்டுவது இது. சோஷியோகிராம் கேள்விகளோடு முதலாண்டு மாணவர்களைப் பிள்ளைகளிடம் அனுப்பாதீர்கள். ‘உனக்கு யார் பக்கத்துல உட்காரப் பிடிக்காது?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு இவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். விடிந்தால் அதே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள்.

கோடு போடும் பழக்கத்தைக் களத்துக்கும் கொண்டுபோங்கள். இரண்டு இரண்டு பேராகத்தானே அனுப்புகிறீர்கள்? ஒருத்தி குழுவை நடத்தும்போது இன்னொருத்தி போட்டோ எடுக்கிறாள். போனுக்குப் பதில் தாளைக் கொடுங்கள். வாராவாரம் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சக்கரம் எந்த வாரம் வலையாக மாறத் தொடங்குகிறது என்று தெரியும். சில குழுக்களில் கடைசிவரை மாறாது. அதுவும் தெரிய வேண்டியதுதான்.

அடுத்தது மொழி. இதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். நம் பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, வகுப்பு பாதி ஆங்கிலத்தில் நடக்கிறது, குழு மட்டும் முழுக்கத் தமிழில் நடக்கிறது. ‘யுனிவர்சாலிட்டி’ (இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் இல்லை என்று உணர்வது) என்றால் என்னவென்று தேர்வில் எழுதும் மாணவிக்கு, ஒரு பிள்ளை ‘எங்கப்பா குடிச்சிட்டு வந்து சண்டை போடறாரு’ என்று சொல்லும் நொடியில் வாயில் வர வேண்டிய தமிழ் வாக்கியம் கிடைப்பதில்லை. அதனால் கையில் இருப்பதை எடுக்கிறாள்: ‘குடி குடியைக் கெடுக்கும்மா.’ அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அந்த இடத்தில் தேவைப்பட்டது, ‘இங்க வேற யார் வீட்டுலயாவது இப்படி ராத்திரி தூங்க முடியாம போயிருக்கா?’ என்ற ஒரே கேள்வி. கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் போதும், நாலு கை மெதுவாக எழும்.

வகுப்பில் உட்கார்ந்து இப்படி ஒரு வாக்கியப் பட்டியலை மாணவர்களையே தயாரிக்கச் சொல்லுங்கள், தெருவில் பேசும் தமிழில். ‘நீ சொன்னதும் அவ போன வாரம் சொன்னதும் ஒண்ணு மாதிரியே இருக்கே, நீங்க ரெண்டு பேரும் என்ன நினைக்கறீங்க?’ ‘ரொம்ப நேரமா ரெண்டு பேர்தான் பேசிட்டு இருக்கோம், கவனிச்சீங்களா?’ ‘அதை என்கிட்ட சொல்லாத, அவகிட்டயே சொல்லு.’ எழுதினால் அற்பமாகத் தெரியும். எடுத்து வீசுவதற்குப் பழக்கம் வேண்டும்.

உங்கள் வகுப்பில் எனக்கு அடையாளம் தெரிந்த ஒரு கூட்டம் இருக்கும்: திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களைக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பிப் பாருங்கள். தரையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகளுக்கு அக்கா அண்ணன் ஆகிவிடுவார்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுகிற பிள்ளை அங்கே சார்ட்டைப் பிடித்துக்கொண்டு தவிப்பாள். குழுப்பணிப் பயிற்சியை முழுக்கத் தமிழில் நடத்தினால் உங்கள் வகுப்பின் கோட்டுப்படம் ஒரே வாரத்தில் மாறும். நான் பார்த்தவரை இதற்கு இணையான வேறு வைத்தியம் கிடையாது.

மௌனம் பற்றியும் கொஞ்சம். குழுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி பதில் வராவிட்டால் நம் மாணவர்களுக்குக் கை நடுங்குகிறது. உடனே இன்னொரு கேள்வி, அப்புறம் ஒரு விளையாட்டு. வகுப்பில் இதைப் பயிற்சியாகவே கொடுங்கள்: கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும், அதற்குள் கேட்டவர் பேசக் கூடாது. முதல் தடவை எல்லோரும் சிரித்துவிடுவார்கள். ஐந்தாவது தடவையில், எட்டு எண்ணும்போது யாராவது பேசத் தொடங்குவார்கள்.

ரோல் ப்ளே செய்வீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாத் துறையிலும் செய்கிறார்கள், பெரும்பாலும் டி.வி. சீரியலாக முடிகிறது. ஒருத்தன் தள்ளாடிக்கொண்டு குடிகாரனாக வருவான், ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், வகுப்பு கைதட்டும். குழுவை நடத்த வேண்டியவனுக்கு அங்கே வேலையே இருக்காது. நான் செய்த மாற்றம் சின்னது. ஆறு பேர் நடுவில், மற்றவர்கள் சுற்றிலும். ஆறு பேருக்கும் தனித்தனித் துண்டுச்சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. ‘நீ அம்மா சொன்னதற்காக வந்திருக்கிறாய், யாராவது நேராகக் கேட்டால் மட்டும் சொல்.’ ‘உன் பக்கத்தில் இருப்பவளோடு நேற்று சண்டை.’ ‘உனக்கு இன்று பேச ஆசை, ஆனால் முதலில் பேச மாட்டாய்.’ நடத்துபவனுக்கு இது எதுவும் தெரியாது. ஏழு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். எங்கே சிக்கிக்கொண்டானோ அதே இடத்திலிருந்து இன்னொருவர் வந்து நடத்தட்டும். ஒரே இடத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்வதைப் பார்க்கும்போதுதான், இதில் சரியான விடை என்று ஒன்று இல்லை, எடுபடுகிற வாக்கியம், எடுபடாத வாக்கியம் என்றுதான் உண்டு என்று புரிகிறது. முடிந்ததும் துண்டுச்சீட்டுக்காரர்களைக் கேளுங்கள்: ‘எந்த நிமிடத்தில் உனக்குப் பேசத் தோன்றியது? எப்போது மனம் மாறியது?’ நம் விமர்சனத்தைவிட அந்தப் பதில் நடத்தியவனுக்கு உறைக்கும்.

இனி களம். பெரும்பாக்கத்துக்கு அனுப்பும் முன் மாணவர்களிடம் அந்த இடம் எப்படி உருவானது என்று பேசினீர்களா? கூவம், அடையாறு ஓரங்களிலிருந்தும் நகரின் வேறு பல இடங்களிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் நிறைய. பழைய தெரு, பழைய பள்ளிக்கூடம், பழைய தோழிகள் எல்லாம் எங்கோ இருக்க, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் ஒரே பிளாக்கில் மாடி மாடியாக வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் இருந்து வந்த 12 பிள்ளைகள் என்பதால் உங்கள் மாணவி அவர்களை ஒரு குழு என்று எழுதிக்கொள்கிறாள். அவர்களுக்குள் மூன்று நான்கு பழைய ஏரியாக்கள் இருக்கும். ‘நீங்க முன்னாடி எங்க இருந்தீங்க?’ என்ற கேள்வி ஒன்றே அந்தக் குழுவுக்கு நாலு வாரம் தாங்கும். அதைக் கேட்காமல் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோம். தண்ணீர் வரும் நேரம் எது என்று அந்தப் பிள்ளைகள்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

இந்த விழிப்புணர்வு வியாதிக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. களப்பணி நிறுவனத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு வேண்டும், கல்லூரிக்கு இத்தனை அமர்வு முடிந்தது என்ற கணக்கு வேண்டும். தலைப்பும் சார்ட்டும் இருந்தால் இரண்டு கணக்கும் சுலபமாக நேராகிவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். 80களின் கடைசியில் நான் மாணவன். வடசென்னையில் ஒரு நிறுவனத்தில் களப்பணி. பள்ளியை விட்டு நின்ற பையன்கள் பத்துப் பேரைச் சேர்த்துச் சேமிப்புப் பழக்கம் பற்றிக் குழு நடத்தினேன், கையால் வரைந்த சார்ட்டோடு. மூன்றாவது வாரம் நாலு பேர் வந்தார்கள், நாலாவது வாரம் ஒருவனும் வரவில்லை. ‘மழை காரணமாக வருகை குறைவு’ என்று எழுதினேன். என் மேற்பார்வையாளர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: ‘மழைன்னா வீட்டுல இருந்தாங்களா?’ தெரியாது என்றேன். ‘தெரிஞ்சுக்கிட்டு வந்து எழுது’ என்று அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போய்த் தேடினால், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில், மேலே தார்ப்பாய் கட்டி, பத்துப் பேரும் கேரம் போர்டைச் சுற்றி நின்றிருந்தார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும், ரெட் போட்டுவிட்டு ஃபாலோ போடாவிட்டால் திருப்பி வைக்க வேண்டும், பவுடர் வாங்க முறைவைத்துக் காசு. போர்டுக்குச் சொந்தக்காரனின் அண்ணன் ஒருவன் மட்டும் தோற்றாலும் எழுந்திருக்க மாட்டான். குழு அங்கே ஏற்கெனவே இருந்தது, விதிகளோடும் அதிகாரத்தோடும். நான்தான் புதிதாக ஒன்று தொடங்கப் போயிருந்தேன். அன்று உட்கார்ந்து ஆடினேன், தோற்றேன், எழுந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பொடியன் என் காதருகில் வந்து, ‘அண்ணா, அவரு மட்டும் ஏன் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு?’ என்றான். பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டு, ‘தெரியலயேப்பா, உங்களுக்கெல்லாம் என்ன தோணுது?’ என்று பொதுவில் போட்டேன். ஐந்து நிமிடம் கூச்சலோ கூச்சல். எழுந்திருக்காத அந்த அண்ணனும் அந்தக் கூச்சலில் சேர்ந்துகொண்டான். நான் நடத்திய முதல் குழு அதுதான். சேமிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழுப்பணி என்ற துறையே இப்படி விளையாட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. லண்டனில் 1884-இல் டாயின்பி ஹால், சிகாகோவில் 1889-இல் ஹல் ஹவுஸ் என்று, படித்தவர்கள் ஏழைகள் வாழும் பகுதிக்கே போய்த் தங்கி அவர்களோடு வேலை செய்த ‘செட்டில்மென்ட்’ இல்லங்கள் தொடங்கின. அவற்றில் ஏழைத் தொழிலாளர்களும் குடியேறிகளும் கூடி நடத்திய கிளப்புகள், கைவேலை, நாடகம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான், இவை ஏன் மனிதர்களை மாற்றுகின்றன என்று யோசித்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள், 1923-இல். விளையாட்டு அவர்களுக்கு ஒரு கருவி, எதற்கு அந்த விளையாட்டு என்று கேட்டால் பதில் இருந்தது. நம்மிடம் அது கூச்சம் போக்கும் ‘ஐஸ் பிரேக்கர்’ ஆகிவிட்டது. சென்னை வெயிலில் உடைப்பதற்கு எங்கே ஐஸ் இருக்கிறது என்று நான் கேலி செய்வதுண்டு. உங்கள் மாணவியிடம் பந்து விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள்: யார் யாருக்கு வீசினார்கள்? யாருக்குக் கடைசிவரை பந்து வரவே இல்லை? அதைக் கவனித்திருந்தால் அது குழுப்பணி. கவனிக்கவில்லை என்றால் பந்து மட்டும்தான் கைமாறியிருக்கிறது.

நன்றாக ஓடும் குழுக்களைப் பார்க்க மாணவர்களை அழைத்துப் போங்கள். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கூட்டத்தில் ஓரமாக உட்காரட்டும். 12 முதல் 20 பேர், சேமிப்புப் பணம், நோட்டு, அப்புறம் இந்தத் தடவை கடன் யாருக்கு முதலில் என்ற வாக்குவாதம். ஊக்குநரும் பிரதிநிதியும் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் நம் மூன்று பாட வேளைக்குச் சமம். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் வெளியாட்களும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. முன்கூட்டி அனுமதி கேட்டு, குறிப்பு எடுக்காமல், கேட்டதை வெளியே பேசாமல் இருப்பதாக இருந்தால் இரண்டு மூன்று பேராகப் போகலாம். அங்கே ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசவோ அறிவுரை சொல்லவோ மாட்டார்கள். கோடு போட்டால் வலை வராது. ஆனாலும் யாரும் நடுவில் இல்லை. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

சரி, சண்டை போட்ட ஐந்து பேருக்கு வருவோம். குழு வளர்ச்சியின் கட்டங்களை உளவியலாளர் டக்மன் 1965-இல் எழுதினார், ஃபார்மிங் (கூடுவது), ஸ்டார்மிங் (மோதுவது), நார்மிங் (நெறிகள் அமைவது), பெர்ஃபார்மிங் (செயல்படுவது) என்று. அதே வருடம் பாஸ்டனில் கார்லண்ட், ஜோன்ஸ், கொலோட்னி மூவரும் சமூகப் பணிக் குழுக்களை வைத்து எழுதிய வரிசையிலும் இரண்டாவது கட்டம் அதிகாரமும் கட்டுப்பாடும்தான். உங்கள் 34 பேருக்கும் இது மனப்பாடம். ஆனால் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ‘நீ என்ன பெரிய லீடரா?’ என்று ஒருத்தி கேட்டதும், அதுதான் அந்த இரண்டாவது கட்டம் என்று யாருக்கும் உறைப்பதில்லை. ‘மேடம், பிரச்சினை’ என்று உங்களிடம் ஓடி வருகிறார்கள். நம்மை அடையாளம் காட்டச் சொன்னால் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டுவோம், வீட்டுக்குள் நடந்தால் தெரியாது.

அதனால் அசைன்மென்ட்டின் அமைப்பையே மாற்றுங்கள். பதிவெண் வரிசையில் ஐந்து ஐந்தாகப் பிரிக்காமல் கொஞ்சம் யோசித்துக் கலந்து போடுங்கள். முதல் கூட்டத்தில் வேலையைத் தொட வேண்டாம். எப்படி வேலை செய்வோம், ஒருவர் வராவிட்டால் என்ன செய்வோம், கோபம் வந்தால் யாரிடம் சொல்வோம் என்று அவர்களே அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வாராவாரம் வகுப்பில் 15 நிமிடம், வேலையைப் பற்றிப் பேசாமல் தாங்கள் வேலை செய்யும் விதத்தை மட்டும் பேசட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு, குழுவுக்குள் என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன என்று ஒவ்வொருவரும் தனியாக எழுதும் இரண்டு பக்கத்துக்கு. வேலையே செய்யாதவனும் அதை நேர்மையாக எழுதினால் மதிப்பெண் கொடுங்கள், ஏன் செய்யவில்லை என்பதில் பல நேரம் நமக்குத் தெரியாத கதை இருக்கும். எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிற அந்த ஒருத்தியையும் கவனியுங்கள். மற்றவர்கள் செய்ய அவள் இடமே விடுவதில்லை என்பது நாலாவது வாரம் வெளியே வரும். நாளைக்குக் களத்தில் எல்லாவற்றையும் தானே பேசிவிடப் போகிறவளும் அவளேதான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. உங்கள் வகுப்பு சிகிச்சைக் குழு கிடையாது. மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்வரை அவர்கள் முழு மனதோடு உங்கள் முன் திறந்து பேச முடியாது, பேசச் சொல்லவும் கூடாது. குடும்பம், சாதி, காதல், உடம்பு என்று எதையும் சொல்லும்படி ஒரு பயிற்சியை அமைக்காதீர்கள். யாராவது தானாகச் சொல்லிவிட்டால் வகுப்பில் தோண்டாமல் தனியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் கல்லூரி ஆலோசகரிடம் அனுப்புங்கள். இன்னொன்று, யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற கோட்டுப்படத்தில் சில சமயம் சாதி அப்படியே தெரியும். தெரிந்ததும் வகுப்பில் பெயர் சொல்லி உடைத்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அதன் விலையை அந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் கொடுக்க வேண்டியிருக்கும். குழுக்களைக் கலந்து போடுவது உங்கள் கையில் இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள்.

அறிக்கையைப் பொறுத்தவரை, ‘நோக்கம் நிறைவேறியது’ என்ற வாக்கியத்தைத் தடை செய்துவிடுங்கள். முழு அமர்வையும் எழுத வேண்டாம். 45 நிமிடத்தில் ஏதாவது ஒரு பத்து நிமிடத்தை மட்டும் யார் என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதட்டும், பக்கத்தில் தனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இன்னொரு பத்தி. பிள்ளைகளின் பெயர்களை மாற்றித்தான் எழுத வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பக்கம் இருந்தால், களப்பணியைப் பற்றி மாணவர்கள் உங்களோடு கூடிப் பேசும் குரூப் கான்ஃபரன்ஸ் உருப்படும். இன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் அது கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கும் நேரம்தான். மாணவி தன் பத்து நிமிடத்தைப் படிக்கட்டும், ‘இந்த இடத்தில் நீ என்ன செய்திருப்பாய்?’ என்று மற்றவர்களைக் கேளுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பல நாள் தேவையே வராது.

வாரத்தில் நாலு மணி நேரத்தில் இதெல்லாம் எப்படி, பாடத்திட்டத்தை யார் முடிப்பது என்று கேட்பீர்கள். கட்டங்களையும் கொள்கைகளையும் அவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள், நீங்களே சொல்கிறீர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் என்று. அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏப்ரல் மாதம். தேர்வு வந்ததும் மாணவர்கள் கடைசி அறிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார்கள். பெரும்பாக்கத்தில் அடுத்த வாரமும் 12 பிள்ளைகள் வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். டக்மனே தன் நாலு கட்டங்களோடு, பிரிவது என்ற ஐந்தாவதை 1977-இல்தான் ஜென்சனோடு சேர்ந்து சேர்த்தார். எங்கே போனாலும் கடைசியில் ஞாபகம் வருவது அதுதான் போலிருக்கிறது. முதல் நாளே ‘நான் இத்தனை வாரம் வருவேன், இந்தத் தேதியில் கடைசி’ என்று சொல்ல வேண்டும், கடைசி மூன்று வாரமும் அதை நினைவுபடுத்த வேண்டும். அதுவரை வாயாடியாக இருந்த பிள்ளை அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வராமல் நிற்கும், பழையபடி சண்டை போடும். குழு கெட்டுவிட்டது என்று மாணவி அழுதுகொண்டு வருவாள். கெடவில்லை, பிரிவதற்குத் தயாராகிறது என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த ஐந்து பேர் இன்னும் உங்கள் வகுப்பில்தானே இருக்கிறார்கள்? அடுத்த வாரம் அவர்களைக் கூப்பிட்டு, போன மாதம் நான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன், நீங்களே ஒருமுறை பேசுங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, தாளில் ஐந்து புள்ளி வையுங்கள்.